டூம் வெல்ல வேண்டும், ஆனால் அவன் டோனி ஸ்டார்க்காக இருக்கக் கூடாது

2026 டிசம்பர் 18 அன்று திரைக்கு வரவிருக்கும் மார்வெலின் ‘அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே’ படத்தின் கதை இப்படித்தான் போகும் என்று ரசிகர்கள் எழுதும் ஊகங்களைப் பல மாதங்களாக விடாமல் படித்து வருகிறேன். அவற்றில் அதிகம் பகிரப்படுவது, படத்தின் வில்லனான டாக்டர் டூம் என்பவன் வேறொரு பிரபஞ்சத்தில் வாழ்ந்த டோனி ஸ்டார்க்தான், அதாவது அயர்ன் மேன்தான் என்ற ஊகம். 2024 ஜூலையில் சான் டியாகோ காமிக்-கான் மேடையில் டோனியாக நடித்த ராபர்ட் டவுனி ஜூனியர், டூமின் பச்சை அங்கியுடன் நின்று முகமூடியைக் கழற்றிய நாளிலிருந்தே இந்தப் பேச்சு ஓயவில்லை. அதே முகம் என்பதால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனாலும் இந்த ஒன்று மட்டும் நடந்துவிடக் கூடாது என்று உளமார விரும்புகிறேன்.

விக்டர் வான் டூம் 1962-இல் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ காமிக்ஸின் 5-ஆம் இதழில் ஸ்டான் லீ, ஜாக் கிர்பி இருவரின் கையால் பிறந்தவன். இறந்துபோன தாயைத் தொடர்புகொள்வதற்காக அவன் கட்டிய இயந்திரத்தின் கணக்கில் பிழை இருக்கிறது என்று பின்னாளில் ஃபென்டாஸ்டிக் ஃபோரின் தலைவனாகும் ரீட் ரிச்சர்ட்ஸ் முன்கூட்டியே எச்சரிக்கிறான், டூம் கேட்கவில்லை, இயந்திரம் வெடித்து முகம் சிதைகிறது, அதன் பிறகும் பழியை ரீட் மீது போடுகிறானே தவிர, தவறு தன்னுடையது என்று ஒருநாளும் அவன் ஒப்புக்கொள்வதில்லை. டோனி ஸ்டார்க் இதற்கு நேர் எதிரானவன். தான் விற்ற ஆயுதங்கள் யாரைக் கொல்கின்றன என்று கண்ட கணத்திலிருந்து, தன் தவறுகளுக்குக் கணக்குத் தீர்ப்பதிலேயே வாழ்நாளைச் செலவழித்தவன். இந்த இருவரையும் ஒரே ஆளாக்கினால் டூமின் அகந்தை வெறும் சோகக் கதையாகச் சுருங்கிப்போகும். 2019-இல் வந்த ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ படத்தில் டோனி உயிரைக் கொடுத்து முடித்துவைத்த பயணத்தின் மீதும் தேவையில்லாமல் கறை படியும். அந்த முகத்தை மற்றவர்கள் பார்த்துத் திடுக்கிடும் ஒரு காட்சி இருக்கலாம். அதிலும் டோனியைத் தந்தைபோல் நினைத்த ஸ்பைடர்-மேன் பீட்டர் பார்க்கர் பார்த்தால் நம் நெஞ்சு பதறும். ஆனால் அது வெறும் முக ஒற்றுமையோடு நிற்க வேண்டும்.

தமிழில் பார்க்கப்போகும் நமக்கு இந்தக் கேள்வி இன்னொரு வழியிலும் வந்து சேர்கிறது. ‘எண்ட்கேம்’ படத்தின் தமிழ்ப் பதிப்பில் அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்திருந்தார். டூமுக்கு யாருடைய குரல் என்பதைத் தமிழ்ப் பதிப்பைத் தயாரிப்பவர்கள் முடிவு செய்தாக வேண்டும். பெரும்பாலும் முகமூடியைக் கழற்றாத ஒருவனுக்குக் குரல்தான் முகம். ஆகவே டோனிக்குப் பேசிய எவருடைய குரலும் இல்லாமல், முற்றிலும் வேறொரு கனத்த குரலைத் தேடிப் பிடிப்பார்கள் என்று நம்புகிறேன்.

என் மனத்துக்கு மிகவும் பொருத்தமாகப் படுவது கேப்டன் அமெரிக்காவான ஸ்டீவ் ரோஜர்ஸைச் சுற்றி எழும் ஊகம். முதல் டீசரில் ஸ்டீவ் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வருகிறான், கைக்குழந்தையை ஏந்திக்கொள்கிறான். பெரிதாக வேறு எதுவும் நடப்பதில்லை. ‘எண்ட்கேம்’ முடிவில், கடந்த காலத்திலிருந்து எடுத்துவந்த இன்ஃபினிட்டி கற்களைத் திருப்பி வைக்கப் போனவன், உடனே திரும்பி வராமல் தன் காதலி பெக்கியுடன் ஒரு முழு வாழ்க்கையை வாழ்ந்துவிட்டான். அது வேறொரு காலக்கிளையில் நடந்தது என்று இயக்குநர்களான ரூசோ சகோதரர்களும், முதன்மைக் காலவரிசையிலேயே நடந்தது என்று திரைக்கதை எழுதியவர்களும் அப்போதே முரண்பட்டுப் பேசினார்கள். பின்னர் 2022-இல் வந்த டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் படம் ‘இன்கர்ஷன்’ என்பதை விளக்கியது: ஒரு பிரபஞ்சத்தைச் சேர்ந்தவர் மற்றொன்றில் தடம் பதிக்கும்போது இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லை அரித்துப்போய், அவை மோதி, ஒன்றோ இரண்டுமோ அழிந்துவிடும். இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நாம் கண்ணீரோடு வாழ்த்தி அனுப்பிவைத்த ஸ்டீவின் அந்த வாழ்க்கையே ஒரு பிரபஞ்சத்தின் அழிவுக்குக் காரணமாக இருந்தால்? அங்கே தன் மனைவியையும் பிள்ளையையும் இழந்தவன் டூமாக இருந்தால்? அப்போது அவன் கோபத்தில் நியாயம் இருக்கும். அவனுக்கு எதிரே நிற்கும் ஸ்டீவால் ‘நீ பொய் சொல்கிறாய்’ என்று சொல்லவே முடியாது. சுயநலம் என்றே சொல்ல முடியாத ஒரு சிறிய ஆசைக்கு இத்தனை பெரிய விலையா என்ற கேள்விதான் இந்தப் படத்தின் உயிராக இருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

இனி முடிவு. ஜொனாதன் ஹிக்மன் எழுதி, எசாட் ரிபிச் வரைந்து 2015-இல் வெளிவந்த ‘சீக்ரெட் வார்ஸ்’ காமிக்ஸில், மிஞ்சியிருந்த கடைசி இரண்டு பூமிகளும் மோதி அழிந்துவிடுகின்றன. நாயகர்களால் அதைத் தடுக்க முடிவதில்லை. அழிந்த உலகங்களின் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து ‘பேட்டில்வேர்ல்ட்’ என்ற ஒரே உலகமாக்கி, அதற்குத் தானே கடவுளாக அமர்ந்து, எஞ்சியவர்களைக் காப்பாற்றுபவன் டூம்தான். முந்தைய அவெஞ்சர்ஸ் படங்களின் வில்லனான தானோஸின் வெற்றியும் டூமின் வெற்றியும் ஒன்றல்ல என்பதை ஊகம் எழுதும் பலர் கவனிப்பதில்லை. தானோஸ் வென்றபோது பாதி உயிர்கள் போயின. அவனை வெறுப்பதில் நமக்கு எந்தத் தயக்கமும் இல்லை. டூம் வெல்லாவிட்டால் யாருமே மிஞ்ச மாட்டார்கள். உயிரோடு இருப்பதற்கே அவனுக்கு நன்றி சொல்ல வேண்டிய நிலையில் எல்லோரையும் நிறுத்துவதுதான் அவன் செய்யும் கொடுமை. படம் இந்த இடத்தில் பின்வாங்கி, கடைசி பத்து நிமிடத்தில் ஏதோ ஓர் ஒளிக்கற்றையால் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டால், அது எனக்குப் பெரும் ஏமாற்றமாக இருக்கும்.

எக்ஸ்-மென் அணியினரின் பூமியா, ஃபென்டாஸ்டிக் ஃபோரின் பூமியா, எது எதோடு மோதும் என்ற விவாதம் எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. இரண்டு பக்கமும் நமக்குப் பிடித்தவர்கள் நிற்கப்போகிறார்கள் என்பதே போதும். டூமுக்கு அந்தச் சக்தி எங்கிருந்து கிடைக்கும் என்பதுதான் கேள்வி. காமிக்ஸில் அதற்கு, பிரபஞ்சங்களுக்கு அப்பாற்பட்ட பேராற்றல் கொண்ட பியாண்டர்களும், அணுக்களையே ஆளும் மாலிக்யூல் மேனும் இருந்தார்கள். படங்களில் இதுவரை அதற்கான அடித்தளம் போடப்படவில்லை. ஆனால் 2025 ஜூலையில் வந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் படத்தில், இறந்து கிடந்த தாய் சூவை, அதாவது ரீட்டின் மனைவியை, உயிர்ப்பித்தவன் அவர்களுடைய குழந்தை ஃபிராங்க்ளின். அந்தப் படத்தின் கிரெடிட் காட்சியில், முகமூடியைக் கையில் பிடித்தபடி டூம் மண்டியிட்டிருப்பது அதே குழந்தையின் முன்னால்தான். அங்கே நமக்கு அவன் முகத்தைக் காட்டவில்லை. குழந்தை மட்டும் பார்க்கிறது. புதிய உலகத்தைப் படைக்கும் ஆற்றலை டூம் ஃபிராங்க்ளினிடமிருந்தே எடுப்பான் என்பது என் உறுதியான கணிப்பு.

அப்படியானால் முடிவுக் காட்சி எதுவாக இருக்க வேண்டும் என்பதும் தெளிவாகிறது. காமிக்ஸில் டூம் தன் புதிய உலகத்தில் சூவைத் தன் மனைவியாகவும், ரீட்டின் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாகவும் ஆக்கிக்கொள்கிறான். அவர்களுக்குப் பழைய வாழ்க்கை எதுவும் நினைவில் இருப்பதில்லை. ‘டூம்ஸ்டே’ படமும் அந்தக் குழந்தை டூமை ‘அப்பா’ என்று அழைக்கும் இடத்திலேயே நிற்கட்டும். அதற்குப் பிறகு ரீட் உயிரோடு இருக்கிறான் என்று ஆறுதல் சொல்லும் போஸ்ட் கிரெடிட் காட்சி எதுவும் வேண்டாம். அடுத்த படமான ‘அவெஞ்சர்ஸ்: சீக்ரெட் வார்ஸ்’ 2027 டிசம்பர் 17 அன்று வருகிறது. அதுவரை ஓராண்டு முழுவதும் அந்தத் தோல்வியைச் சுமந்துகொண்டு காத்திருக்க ரசிகர்களால் முடியும்.