புக்கிட் லாவாங் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் உள்ள புக்கிட் லாவாங்குக்குப் போய்வந்ததைப் பற்றிய இந்தப் பயணக் கட்டுரை நன்றாக இருக்கிறது, ஆனால் வழிகாட்டி வாழைப்பழம் காட்டியதும் ஒராங்குட்டான் என்ற மனிதக் குரங்கு பக்கத்தில் வந்து கையிலிருந்தே வாங்கிக்கொண்டது என்று பெருமையாக எழுதியிருப்பதுதான் இடிக்கிறது. குனுங் லூசர் தேசியப் பூங்காவின் ஓரத்தில் உள்ள புக்கிட் லாவாங்கில் 1973-இல் மறுவாழ்வு மையம் தொடங்கியதே, வீடுகளில் செல்லப்பிராணியாக அடைபட்டுக் கிடந்த ஒராங்குட்டான்களை மனிதர்களிடமிருந்து விலக்கித் திரும்பக் காட்டுக்குப் பழக்கத்தான். இப்போது நாமே போய்ப் பழம் நீட்டினால் அந்த உழைப்பெல்லாம் என்னாவது? நம் சளி, காய்ச்சல், காசநோய் எல்லாம் அதற்கும் தொற்றும். பெண் ஒராங்குட்டான் ஏழெட்டு வருடத்துக்கு ஒரு முறைதான் குட்டி போடும், சுமத்ரா இனமோ அழிவின் விளிம்பில் இருக்கிறது, ஒன்று செத்தாலும் பெரிய இழப்பு. பத்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள், லேசாகச் சளி இருந்தாலும் அன்றைக்குக் காட்டுக்குள் போகாதீர்கள். வழிகாட்டியை அமர்த்தும்போதே “தீனி போடக் கூடாது, சரியா?” என்று கறாராகச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் நாம் கேட்கிறோம் என்றுதான் அவர்களும் செய்கிறார்கள். அப்புறம், மேடான் நகரத்திலிருந்து புக்கிட் லாவாங்குக்குச் சாலை வழியாக மூன்று நான்கு மணி நேரம் ஆகும், அட்டைக்கடிக்கு நீளமான காலுறை எடுத்துக்கொள்ளுங்கள்.