பாதி பிளேடும் முழுக் கட்டணமும்

(பர்மாவின் யாங்கோன் நகரில், அனோரதா சாலைக் காளி கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு சந்துக்குள் இருக்கும் சிறிய சலூன். மின்சாரம் போய்விட்டதால் விசிறி சுற்றவில்லை. பருப்பு மொத்த வியாபாரக் கிடங்கு ஒன்றின் கணக்கர், கழுத்தில் துண்டோடு நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். சலூன்காரர் கிண்ணத்தில் நுரை குழைத்துக்கொண்டிருக்கிறார்.)

கணக்கர்: அண்ணே, உங்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். ஆனால் கேட்டபிறகு நீங்கள் கத்தியைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்துவிடுவீர்களோ என்று அச்சமாக இருக்கிறது.

சலூன்காரர்: கத்தியை அழுத்துகிறவன் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கவே மாட்டான், தம்பி, ஏதாவது அலுவலகத்தில் முத்திரை குத்தப் போயிருப்பான். தாராளமாகக் கேளுங்கள்.

கணக்கர்: எங்கள் முதலாளி இனிமேல் விடியற்காலையிலேயே கிடங்கைத் திறக்கப் போகிறாராம். நீங்கள் கடைக் கதவை நீக்குவதற்குள் நான் உளுந்து மூட்டைகளை எண்ணத் தொடங்கியிருக்க வேண்டும். ஆகையால் வீட்டிலேயே சவரம் செய்துகொள்வதற்கு, இரண்டு பக்கமும் கூர் உள்ள பிளேடு போடுகிற சேஃப்டி ரேசர் ஒன்றை வாங்கலாம் என்று தீர்மானித்திருக்கிறேன். எதை வாங்குவது என்று சொல்ல, இந்த வட்டாரத்தில் உங்களை விட்டால் விவரம் தெரிந்த ஆள் இல்லை.

சலூன்காரர்: (தூரிகையை நிறுத்தி) அதாவது, என் கடைக்கு வராமல் இருப்பதற்கு என்ன வழி என்பதை என்னிடமே கேட்கிறீர்கள்.

கணக்கர்: முடி வெட்டிக்கொள்ளக் கட்டாயம் வருவேன், அண்ணே.

சலூன்காரர்: உங்கள் தலையை மேலிருந்து பார்க்கிறவன் நான். அந்த வருமானத்தை நம்பிக் கடைக்கு வாடகை கொடுக்க முடியாது. சரி, கேட்டுவிட்டீர்கள். முதலில் இதைச் சொல்லுங்கள்: அவசரத்துக்கு வீட்டில் வைத்திருந்த அந்த ஐந்து பிளேடு ரேசர் என்னவாயிற்று?

கணக்கர்: அதன் மாற்றுத் தலையின் விலை, டாலர் ஏறினால் ஏறுகிறது, டாலர் இறங்கினால் இறங்க மறந்துவிடுகிறது. பணம் போனாலும் பரவாயில்லை என்று பார்த்தால், கழுத்தெல்லாம் சிவந்து சிறுசிறு பருக்களாகக் கிளம்புகின்றன.

சலூன்காரர்: கிளம்பத்தான் செய்யும். முதல் பிளேடு முடியைச் சற்று வெளியே இழுத்துவிடுகிறது. அது உள்ளே திரும்புவதற்குள் பின்னால் வருகிற பிளேடு மறுபடியும் வெட்டுகிறது. கடைசியில் முடியின் நுனி தோலுக்குக் கீழே போய்ப் பதுங்கிக்கொள்கிறது. உங்களைப் போல் சுருள்முடி உள்ளவர்களுக்கு, அது மீண்டும் வளரும்போது வெளியே வர வழி தெரியாமல் தோலையே குத்துகிறது. ஒரு பிளேடு, ஒரு தடவை, மேலோடு வெட்டிவிட்டுப் போவதுதான் உங்கள் கழுத்துக்கு நல்லது. ஆகவே சேஃப்டி ரேசர் வாங்க நினைத்தது சரியான நினைப்பு. அதைக் கண்டுபிடித்தவர்மீதுதான் எனக்குக் கோபம்.

கணக்கர்: ஜில்லட் மீதா?

சலூன்காரர்: அவரேதான். கிங் கேம்ப் ஜில்லட் என்பவர் சவரத் தொழிலாளி அல்லர், கத்தி அடிக்கும் கொல்லரும் அல்லர். சோடா புட்டி மூடி விற்ற விற்பனையாளர். அந்த மூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்டர்தான், 'ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற பொருள் ஒன்றைக் கண்டுபிடி, மக்கள் திரும்பத் திரும்ப வாங்க வருவார்கள்' என்கிற பாடத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தாராம். சோடா மூடி யோசனை என் தொழிலுக்குள் நுழைந்தது அப்படித்தான்.

கணக்கர்: ஆரம்பத்தில் வியாபாரம் எப்படிப் போனதாம்?

சலூன்காரர்: விற்பனைக்கு வந்த 1903ஆம் ஆண்டில் விற்றவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளும்தான்.

கணக்கர்: (முகம் மலர்ந்து) ரேசர் ஒன்றுக்கு மூன்று பிளேடுக்கு மேல்! லாபம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது முதல் வருடப் பேரேட்டிலேயே தெரிந்திருக்குமே.

சலூன்காரர்: உங்களுக்குக் கணக்குத் தெரிகிறது, எனக்குக் கைவிட்டுப்போன வாடிக்கையாளர்கள்தான் தெரிகிறார்கள். அடுத்த ஆண்டிலேயே தொண்ணூறாயிரம் ரேசர் போயிற்று. தொண்ணூறாயிரம் பேர் நாற்காலியிலிருந்து எழுந்து போன மாதிரி.

(நாற்காலியின் கைப்பிடியில் கணக்கரின் கை தானாக இறுகுகிறது. சலூன்காரர் பொட்டலத்திலிருந்து ஒரு பிளேடை எடுத்துக் காகிதத்தோடு வளைத்து, 'டக்'கென்று இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைத் தம் கத்திப் பிடியில் செருகுகிறார்.)

கணக்கர்: அண்ணே, அந்த பிளேடு...

சலூன்காரர்: நீங்கள் வாங்கப் போகிற ரேசரில் போடுகிற அதே பிளேடுதான். தீட்டுகிற கத்தியை எப்போதோ எடுத்து வைத்துவிட்டேன். ஒவ்வொருவருக்கும் புதிதாக ஒடித்துப் போடுவதுதான் சுத்தம்.

கணக்கர்: அப்படியானால், இத்தனை காலமும் நான் பாதி பிளேடுக்கு முழுக் கட்டணம் கொடுத்து வந்திருக்கிறேன்!

சலூன்காரர்: மீதிப் பாதி கூடுதலாகப் போட்டிருந்தால் காதும் போயிருக்கும். வாயை மூடுங்கள், நுரை உள்ளே போகிறது.

(சிறிது நேரம் கன்னத்தில் கத்தி ஓடும் ஓசை மட்டும் கேட்கிறது. ஆனால் கணக்கரால் வாயை மூடிக்கொண்டு நெடுநேரம் இருக்க இயலாது.)

கணக்கர்: என் மைத்துனர் அடுத்த மாதம் சிங்கப்பூரிலிருந்து வருகிறார். அவரிடம் சொல்லி அனுப்புவதற்காகச் சில படங்களைக் கைப்பேசியில் சேர்த்து வைத்திருக்கிறேன். இதைப் பாருங்கள், ம்யூலே ஆர்41. பெயரே துப்பாக்கிப் பெயர் போல் கம்பீரமாக இருக்கிறது.

சலூன்காரர்: முதல் ரேசராக அதை வாங்கினால், இரண்டாவதாகப் பஞ்சு வாங்குவீர்கள். அது இடைவெளி அதிகமான ரேசர். பிளேடின் கூருக்கும் அதன் கீழே இருக்கிற பட்டைக்கும் நடுவில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள், கூர் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பவைதான் ஒரு ரேசர் சாதுவா முரடா என்று தீர்மானிப்பவை. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் பிளேடே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தச் சின்ன இடைவெளிக்குள் உங்கள் தாடைத் தோல் எவ்வளவு தாராளமாக நுழையும் என்பது புரியும்.

கணக்கர்: கீழே சீப்புப் பல் மாதிரி இருக்கிறதே, அதுதான் ஆபத்து என்று நினைத்தேன்.

சலூன்காரர்: பல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சீப்புப் பல் உள்ள சாதுவும் உண்டு, நேர்ப்பட்டை உள்ள முரடும் உண்டு. என்றாலும் புதிதாகப் பழகுகிறவருக்குத் தோலை நிதானமாக நீவிக்கொண்டு போகிற நேர்ப்பட்டை நல்லது. அதே நிறுவனத்தின் ஆர்89 அப்படிப்பட்டது. எட்வின் ஜாகர் என்கிற நிறுவனத்தின் டிஇ89 என்பதும் ஏறத்தாழ அதே தலைதான்.

கணக்கர்: இன்னொன்று இருக்கிறது. கைப்பிடியில் எண்கள் போட்டு, திருகினால் சாதுவாகவும் முரடாகவும் மாறுமாம். 1958இல் ஜில்லட் நிறுவனத்தாரே ஒன்பது நிலைகளோடு அப்படி ஒன்று விற்றிருக்கிறார்கள். ஒன்றின் விலைக்கு ஒன்பது ரேசர்! கணக்குப் பார்த்தால் இதுதான் மலிவு.

சலூன்காரர்: உங்களை நன்றாகத் தெரிந்தவன் சொல்கிறேன், அதைத் தொடாதீர்கள். திங்கட்கிழமை மூன்றில் வைப்பீர்கள். கன்னம் சரியாக வரவில்லை என்று செவ்வாய்க்கிழமை ஆறுக்குப் போவீர்கள். புதன்கிழமை வெட்டிக்கொண்டு இரண்டுக்கு வருவீர்கள். தவறு கையிலா எண்ணிலா என்பது கடைசி வரை தெரியாது. கை பழகும் வரையில் ரேசர் மாறக் கூடாது, பிளேடும் மாறக் கூடாது. பேரேட்டில் இரண்டு பதிவுகளை ஒரே சமயத்தில் திருத்திவிட்டு எது பிழை என்று தேடுவீர்களா?

கணக்கர்: (அதிர்ந்து) அப்படிச் செய்கிறவனை நான் கிடங்குக்குள்ளேயே விடமாட்டேன்.

சலூன்காரர்: அப்படியானால் குளியலறைக்குள்ளும் விடாதீர்கள்.

கணக்கர்: சரி. இது மெர்க்கூர் 34சி, ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துச் சரக்கு. கைப்பிடி குட்டையாக இருக்கிறதே, வளர்ந்த ஆளுக்குப் போதுமா?

சலூன்காரர்: அதன் நீளத்தைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள். எண்பது கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அந்த எடையே கீழே இழுத்துக்கொண்டு போகும், நீங்கள் பிடித்தால் போதும். குட்டைக் கைப்பிடியில் இன்னொரு நன்மை என்னவென்றால், ஐந்து பிளேடு ரேசரை அழுத்திப் பழகிய கைக்கு அழுத்துவதற்கு இடமே கிடைக்காது. தாராளமாக வாங்கலாம்.

கணக்கர்: விலைதான் கொஞ்சம் கண்ணைக் குத்துகிறது. இந்தியாவில் செய்கிற பார்க்கர் இதைவிடக் குறைவாக இருக்கிறது. பேனாக்காரர்களுக்கு ரேசரைப் பற்றி என்ன தெரியும் என்றுதான் தயங்குகிறேன்.

சலூன்காரர்: பேனாக்காரர்கள் வேறு, இவர்கள் வேறு. இவர்களிடம் மூன்று துண்டாகக் கழற்றுகிற சாதுவான ரேசர் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். சவரம் செய்யும்போது மட்டும் கண்ணைத் திறந்துகொள்ளுங்கள். கைப்பிடியைத் திருகினால் மேலே இரண்டு கதவுகள் திறக்கின்ற ரகமும் உண்டு. பார்க்க அழகு, பிளேடு போட எளிது. ஆனால் அந்தக் கதவுகளுக்குள் சோப்பும் முடியும் போய் ஒட்டிக்கொள்ளும். நம் ஊர் மழைக்காலத்தில் அது காய்வதற்குள் அடுத்த மழைக்காலம் வந்துவிடும். மூன்று துண்டு என்றால் கழற்றினோம், கழுவினோம், துடைத்தோம், முடிந்தது. பெரும்பாலான ரேசர்களின் தலை துத்தநாகக் கலவைதான், மேலே குரோமியம் பூசியிருப்பார்கள். பூச்சு உரிந்தால் உள்ளே அரிக்கும். ஈரத்தோடு விட்டுவிட்டு ரேசரைக் குறை சொல்லாதீர்கள்.

கணக்கர்: அப்படியானால் முடிவு: நேர்ப்பட்டை, குறைந்த இடைவெளி, மூன்று துண்டு, கொஞ்சம் கனம். மிச்சப்படுகிற பணத்துக்கு உலகத்திலேயே மிகவும் கூரான ஜப்பானிய ஃபெதர் பிளேடை நூறாக வாங்கிவிடுகிறேன்.

சலூன்காரர்: (கத்தியை எடுத்துவிட்டு) இவ்வளவு சொல்லியும் புறப்பட்ட இடத்துக்கே போகிறீர்களே! சாதுவான ரேசரில் மூர்க்கமான பிளேடைப் போட்டால் அது மூர்க்கமான ரேசர்தான். உங்கள் தோலுக்கு எது ஒத்துவரும் என்பதை நானும் சொல்ல முடியாது, காளியம்மாளும் சொல்ல மாட்டாள். இரண்டு மூன்று பெயர்களில் ஐந்து பிளேடுப் பொட்டலமாக வாங்குங்கள். துருக்கியின் டெர்பி போன்ற அடக்கமான ஒன்றில் தொடங்குங்கள். அந்தப் பொட்டலம் தீர்ந்த பிறகுதான் அடுத்ததைப் பிரிக்க வேண்டும். நூறாக வாங்குவது பிறகு.

கணக்கர்: ஒரு பிளேடு எத்தனை சவரத்துக்கு வரும்?

சலூன்காரர்: நான்கைந்து. ஆறாவதையும் முயன்று பார்ப்பீர்கள் என்று தெரியும். முடி இழுபட்டுக் கண்ணில் நீர் வரும்போது நிறுத்திக்கொள்ளுங்கள். போடும்போதும் எடுக்கும்போதும் குறுகிய ஓரங்களைப் பிடிக்க வேண்டும், நீண்ட ஓரத்தில் விரல் படக் கூடாது. பழைய பிளேடுகளைத் துளையிட்ட தகர டப்பாவில் போட்டு வையுங்கள். அமெரிக்காவில் பழைய வீடுகளின் குளியலறை அலமாரியிலேயே ஒரு சிறு பிளவு வைத்திருந்தார்களாம். பிளேடை அதில் போட்டால் சுவருக்குள் விழுந்துவிடும். அவ்வளவுதான், அப்புறம் யாரும் எடுப்பதில்லை.

கணக்கர்: கடைசிச் சரக்கிருப்பை எப்படி எண்ணுவார்கள்?

சலூன்காரர்: வீட்டை இடிக்கிறவன் எண்ணிக்கொள்வான்.

கணக்கர்: அமெரிக்கா என்றதும் நினைவுக்கு வருகிறது. 'பர்மா ஷேவ்' என்று நம் நாட்டின் பெயரிலேயே ஒரு கிரீம் இருந்ததாமே? நாம்தான் உலகத்துக்குச் சவரம் கற்றுக்கொடுத்திருக்கிறோம் என்று கிடங்கில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

சலூன்காரர்: நாளைக்கே போய் மாற்றிச் சொல்லுங்கள். அது மின்னசோட்டாவில் காய்ச்சிய சரக்கு. அந்தக் குடும்பத்தார் அதற்குமுன் விற்ற வலித் தைலத்துக்குப் பர்மாப் பக்கத்திலிருந்து சாமான்கள் வந்ததாகச் சொல்லி, பெயரை மட்டும் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். சாலையோரத்தில் வரிக்கு ஒரு பலகையாக நட்டு, வண்டியில் போகிறவர்களை வேடிக்கைப் பாட்டுப் படிக்க வைத்தே 1925 முதல் 1963 வரை விளம்பரம் செய்தார்கள். அது தூரிகையே வேண்டாத கிரீம். எனக்கு அதனால்தான் பிடிக்கவில்லை. நீங்கள் தூரிகையும் சோப்பும் வாங்கி, வெந்நீரில் முகத்தை நனைத்து, நுரையை நன்றாகக் குழைத்துப் பூசுங்கள். ரேசருக்குச் செலவழிக்கிற யோசனையில் பாதியை நுரைக்குச் செலவழித்தாலே காயம் பாதியாகக் குறையும்.

கணக்கர்: பிடிக்கும் கோணம்?

சலூன்காரர்: ஏறக்குறைய முப்பது பாகை. பாகைமானியைத் தேடாதீர்கள். மேல்தகட்டைக் கன்னத்தில் வைத்து, பிளேடு தோலைத் தொடும் வரை கைப்பிடியை மெல்லக் கீழே இறக்குங்கள், அதுதான் கோணம். முடி வளர்கிற திசையிலேயே இழுக்க வேண்டும். எதிர்த் திசையில் இழுக்கும் ஆசையைச் சில வாரங்களுக்கு அடக்கி வையுங்கள். முடிந்ததும் குளிர்ந்த நீர், படிகாரம், வேண்டுமானால் நம் ஊரில் முகத்தில் பூசுகிற மரப்பட்டைச் சாந்து, தனக்கா, கொஞ்சம்.

கணக்கர்: என் முடி எந்தத் திசையில் வளர்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

சலூன்காரர்: உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கன்னத்தில் நேராகக் கீழ்நோக்கி. தாடையின் வலப்பக்கம் காதை நோக்கிச் சாய்வாக. கழுத்தின் இடப்பக்கம் கீழிருந்து மேலே. அந்த இடத்தில்தான் உங்கள் ஐந்து பிளேடும் எதிர்த் திசையில் உழுதிருக்கிறது. (சற்று யோசித்து) இதைச் சொல்லியிருக்கக் கூடாது. இதுதான் என் மூலதனம்.

கணக்கர்: கவலைப்படாதீர்கள், அண்ணே. முதல் தடவை தனியாகச் செய்ய எனக்கும் துணிவு இல்லை. ரேசர் வந்ததும் இங்கேயே கொண்டு வருகிறேன். கன்னத்தை உங்கள் கண்ணாடி முன்னால் நானே சவரம் செய்துகொள்கிறேன், நீங்கள் பார்த்துத் திருத்துங்கள். கழுத்தை மட்டும் நீங்கள் செய்துவிடுங்கள். பாதி முகம் என்பதால் கட்டணமும் பாதிதானே?

சலூன்காரர்: (துண்டை உதறிக்கொண்டே) கழுத்துக்குத்தான் தம்பி நான் இத்தனை காலமும் கட்டணம் வாங்கினேன். கன்னத்தை இலவசமாகச் செய்துகொண்டிருந்தேன்.