எப்போதும் பின் சில்லுதான்

வெயில் ஏறுமுன் சைக்கிளில் நிலாவெளிக்குப் போய்த் திரும்பிவிடலாம் என்று புறப்பட்டேன். சாம்பல்தீவுப் பாலம் தாண்டியதும் பின் சில்லில் காற்று இல்லை. முன் சில்லென்றால் நொடியில் கழற்றலாம். பின்னால் கை வைத்தால் சங்கிலி, பிரேக், கரியர், முழங்கை வரை கரி. ஒட்டுப் போடும் சாமான்கள் பையில் இருந்தன. சொலூஷன் மட்டும் குழாய்க்குள்ளேயே காய்ந்து கல்லாகியிருந்தது.

உருட்டிக்கொண்டு போய் ஒரு கடையைப் பிடித்தேன். கடைக்காரர் டியூப்பைத் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வந்த இடத்தைத் தேய்த்து ஒட்டுப் போட்டார். "டயரின் உள்பக்கத்தை ஒருமுறை தடவிப் பாருங்கள் அண்ணை" என்றேன். "அதெல்லாம் ஒன்றுமில்லை தம்பி."

நிலாவெளி வருவதற்குள் மறுபடியும் புஸ்ஸென்றது. டயரை நானே பிதுக்கிப் பார்த்தேன். உடைமுள்ளின் நுனி, அரிசிக் குருணையளவு, கறுப்பாக, வாடகை கொடுத்துக் குடியிருப்பதுபோல் சாவகாசமாக இருந்தது. அதை எடுக்காமல் எத்தனை ஒட்டுப் போட்டு என்ன பயன்?

1888-இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்ற டன்லப் ஒரு கால்நடை மருத்துவர். மகனின் மூன்று சில்லு வண்டி குலுங்கக் கூடாதென்று பாடுபட்ட மனிதர், முள்ளையும் கொஞ்சம் நினைத்திருக்கலாம்.

நடக்கிறேன். கடற்காற்று ஊரையே தூக்குகிறது, ஒரு டியூப்பை நிரப்ப மட்டும் உதவாது. எதிரே வருகிறவர்களெல்லாம், "என்ன தம்பி, காற்றுப் போய்விட்டதா?" என்கிறார்கள்.

இல்லை ஐயா, சைக்கிளுக்குக் களைப்பு. நடத்திக் கூட்டிப் போகிறேன்.