வங்கதேச மீன் வளர்ப்பு என்பது இறால் ஏற்றுமதி மட்டும் அன்று

வங்கதேசத்தில் மீன் வளர்ப்பால் ஏற்றுமதியாளர்களே கொழுத்தார்கள், ஏழைகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, தமிழ்நாட்டில் நம் மானூர்ப் பக்கத்துப் பாசனக் குளங்களில் மீன் வளர்த்தாலும் அதுதான் நடக்கும் என்று சிலர் சொல்வது, தென்மேற்குக் கடலோரத்திலுள்ள குல்னா, சாத்கீரா வட்டாரத்து இறால் பண்ணைகளை நாட்டின் மொத்த மீன் வளர்ப்பாகக் கொண்டதால் வந்த பிழை. அங்கே உப்புநீரைத் தேக்கியதால் நெல்வயல்கள் கெட்டது உண்மைதான். அந்தத் துயரத்தை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்நாட்டின் வளர்ப்பு மீனில் மிகப் பெரும்பகுதி உள்நாட்டிலேயே உண்ணப்படுகிறது. மைமன்சிங் பகுதியில் வீட்டுக் குளங்களிலும், வயலை வெட்டி அமைத்த சிறு குளங்களிலும் வளரும் பங்கஸ் (ஒருவகைக் கெளுத்தி மீன்), திலேப்பியா, ரோகு ஆகியவை டாக்கா வரை விற்பனைக்குப் போகின்றன. 2000க்கும் 2010க்கும் இடையில், பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் வளர்ப்பு மீனின் விலை குறைந்ததால்தான், ஏழைக் குடும்பங்களும் முன்பைவிட அதிகம் மீன் உண்ண முடிந்தது. குளம் இல்லாதவர்களுக்கு மீன்குஞ்சு வியாபாரம், வலை இழுப்பு, வண்டி ஓட்டுதல் என வேலை கிடைத்தது. எனினும் அது குளம் உடையவரின் வருமானத்துக்கு ஈடானதன்று.

நம் பக்கத்து நிலைமை வேறு. இங்கே பாசனக் குளம் தனியார் சொத்து அன்று; மீன்பாசி குத்தகையை, அதாவது குளத்தில் மீன் பிடிக்கும் உரிமையை, ஏலத்தில் எடுத்தவருக்கே மீன் உரியது. ஆகவே வங்கதேசத்தைக் காட்டி அஞ்சுவதைவிட, அந்த ஏலத்தில் உள்ளூர் மீனவர்களும் பெண்கள் குழுக்களும் முன்பணம் கட்டிப் பங்கேற்க முடிகிறதா என்று கேட்பதே பொருத்தமானது.