130ஐ விட மொழிபெயர்ப்பைப் பாருங்கள்
ஐ.கியூ. (நுண்ணறிவுப் புள்ளி) 130 வந்த பிள்ளைதான் மீத்திறன் வகுப்புக்கு, அதாவது அறிவுத்திறன் மிகுந்த பிள்ளைகளுக்கான வகுப்புக்குத் தகுதி, 127 என்றால் இல்லை என்று ஒரு கட்டுரை அடித்துச் சொல்வதுதான் இடிக்கிறது. சராசரி 100, நியம விலகல் (புள்ளிகள் சராசரியிலிருந்து பரவும் அளவு) 15 என்று அமைந்த வெக்ஸ்லர் என்ற நுண்ணறிவுச் சோதனையில் மொத்தப் புள்ளியே ஐந்தாறு புள்ளி மேலும் கீழும் ஆடும்; அந்த வீச்சும் அறிக்கையில் இருக்கும், யார் பார்க்கிறார்கள்! இலங்கை மலையகத்தில் அதைவிடப் பெரிய சிக்கல் மொழி. ஆங்கிலப் பதிப்பைச் சோதனை மேசையிலேயே தமிழாக்கிக் கேட்டால், சொல்லுக்குப் பொருள் கேட்கும் சொல்வளப் பகுதியில் இலகுவிலிருந்து கடினத்துக்குப் போகும் வரிசை குலைந்துவிடும். 'ஆர்க்கியாலஜி' மாதிரி ஒரு சொல் 'தொல்பொருளியல்' ஆனதும் பாதி விடை சொல்லுக்குள்ளேயே வந்துவிடும். இலகுவான சொல்லோ லயத்துப் பிள்ளை (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் வளரும் பிள்ளை) காதிலேயே விழாத புத்தகத் தமிழாகிவிடும். வெக்ஸ்லர் சிறுவர் சோதனையின் ஐந்தாம் பதிப்பில் தொடர்ந்து 3 சொல்லுக்குப் பூச்சியப் புள்ளி வந்தால் அந்தப் பகுதியை நிறுத்த வேண்டும். அப்படி முன்னாலேயே நின்றுவிட்டால், பின்னால் தெரிந்த சொற்களுக்குக்கூடப் புள்ளி இல்லை. சொல் இல்லாமல் வடிவத்தில் விடுபட்ட துண்டைக் கண்டுபிடிக்கச் சொல்லும் ரேவனின் வண்ண வடிவச் சோதனை, 36 கேள்வி, இந்த வகையில் தேவலை. ஆனால் எந்த நாட்டுப் பிள்ளைகளின் அட்டவணையோடு ஒப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். பிறப்புச் சான்றிதழையும் கொண்டுபோங்கள். புள்ளியை ஒப்பிடும் வெக்ஸ்லர் அட்டவணை வயதில் 4 மாதத்துக்கு ஒன்றாக மாறும். 9 வயது 11 மாதப் பிள்ளைக்கு வெறும் '9' என்று போட்டால் இரண்டு கட்டம் இளைய பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் புள்ளி சும்மா ஏறிவிடும்.