'பறவைகளைக் காப்போம்' என்று தொடங்காத கட்டுரை

பிள்ளைகளுக்கு வாதக் கட்டுரை சொல்லிக்கொடுக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். 'பருவநிலை மாற்றமும் பறவைகளும்' என்று தலைப்பை மட்டும் கொடுத்து எழுத விடாதீர்கள். 'பறவைகள் இயற்கையின் கொடை', 'நாம் அனைவரும் ஒன்றிணைவோம்' என்றுதான் தாள் தாளாக வரும். அது பிள்ளைகளின் தப்பு இல்லை, கையில் எதையும் கொடுக்காமல் வாதாடச் சொல்வது நம் தப்பு.

நான் ஒரே ஒரு பறவையைக் கொடுக்கிறேன். நெதர்லாந்துக் காடுகளில் கூடு கட்டும் ஈப்பிடிப்பான், கறுப்பும் வெள்ளையுமாக, சிட்டுக்குருவியைவிடச் சின்னது. குளிர்காலம் முழுக்க மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும். எப்போது கிளம்புவது என்பதைப் பெரும்பாலும் பகலின் நீளத்தை வைத்தே அதன் உடல் முடிவு செய்கிறது, வடக்கே வசந்தம் முந்திக்கொண்டது அங்கிருந்து அதற்குத் தெரிய வழியில்லை. நெதர்லாந்தில் சூடு கூடியதால் ஓக் மரம் முன்னாடியே துளிர்க்கிறது, துளிரைத் தின்னும் புழுக்களும் முன்னாடியே பெருகி, கொழுத்து, மண்ணுக்குள் இறங்கிவிடுகின்றன. அப்புறம்தான் இந்தப் பறவையின் முட்டை பொரிகிறது. கூட்டில் ஐந்தாறு குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு இருக்கும், தாய் போய்ப் போய் வரும், அலகில் போதுமான புழு இருக்காது. இப்படித்தான் இந்தப் பறவை குறைந்துபோனது.

இதைச் சொன்னதும் ஒரு மாணவி கேட்டாள், "ஆப்பிரிக்காவுல ஏதாவது ஆகி குறைஞ்சிருக்கலாமே?" அந்த ஒரு கேள்விதான் முழுப் பாடமும். வாதக் கட்டுரை என்பது அந்தக் கேள்வியைக் கேட்கும் ஆளுக்கு எழுதுவது, ஏற்கெனவே தலையாட்டுகிறவருக்கு எழுதுவது இல்லை.

பதில் 2006இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஆய்வில் இருக்கிறது. புழுக்கள் மிகச் சீக்கிரம் வந்து போகும் காடுகளில் இருபது ஆண்டுகளில் இந்தப் பறவை சுமார் 90 சதவீதம் குறைந்துவிட்டது. புழுக்கள் தாமதமாக வரும் காடுகளில் அந்த அளவுக்குக் குறையவில்லை. அதே இனம், அதே ஆப்பிரிக்கப் பயணம், மாறியது புழுவின் நேரம்தான். 90 என்ற எண்ணை மட்டும் எழுதினால் அது வெறும் தகவல், பக்கத்தில் அந்த இன்னொரு காட்டை வைத்தால்தான் ஆதாரம்.

இன்னொன்றிலும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. வட அமெரிக்காவில் 1970இல் இருந்ததைவிடக் கிட்டத்தட்ட 300 கோடிப் பறவைகள் குறைவு என்று 2019இல் வந்த கணக்கைப் பிள்ளைகள் எங்கிருந்தோ எடுத்துவந்து மொத்தப் பழியையும் பருவநிலை மேல் போடுவார்கள். வாழிடம் அழிந்தது, பூச்சிக்கொல்லி, வீட்டுப் பூனைகள், எல்லாம் அந்தக் கதையில் உண்டு. அதை ஒத்துக்கொண்டு எழுது, உன் வாதம் பலவீனமாகாது, படிக்கிறவர் உன்னை நம்ப ஆரம்பிப்பார் என்கிறேன். இதைப் புரியவைக்கத்தான் ரொம்ப நாள் பிடிக்கிறது. பெரிய எண் கையில் இருந்தால் யாருக்கும் விட மனசு வராது, எனக்கும் வராது.

கேள்வி கேட்ட அந்தப் பிள்ளை மறுபடி எழுதிவந்த கட்டுரையின் முதல் வரி இது: "புழு வந்துவிட்டுப் போன பிறகுதான் இந்தக் குஞ்சு பிறந்தது."