அங்கே என்ன இருக்கு என்று கேட்டவர்களுக்கு

"மேடானா? அங்கே என்ன இருக்கு?"

இந்தோனேசியாவில் சுமத்ரா தீவில் இருக்கும் மேடானுக்குப் போகிறோம் என்று சொன்னதிலிருந்து, போன மாதம் முழுக்க இதே கேள்விதான். பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். கிளினிக் கவுண்டரில் என்னோடு உட்காரும் தங்கச்சி கேட்டாள். என் சொந்தத் தம்பி கேட்டுவிட்டுச் சிரிக்கவும் செய்தான். "சிங்கப்பூர் போகலாம், பேங்காக் போகலாம், ஒன்றும் இல்லாவிட்டால் ஹட்யாயாவது போகலாம். மேடானுக்கு யாராவது காசு கொடுத்துப் போவாங்களா?"

அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்று. "ரெண்டு பேர் மட்டுமா?"

இதற்குத்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது. கல்யாணமாகி 27 வருஷம். இத்தனை வருஷத்தில் நாங்கள் போன பயணமெல்லாம் வேன் பயணம்தான். தைப்பூசத்துக்குப் பத்துமலை, பள்ளி விடுமுறைக்குக் கேமரன் மலை, யாராவது வீட்டுக் கல்யாணத்துக்கு ஈப்போ. எங்கே போனாலும் பதினாலு பேர், இரண்டு குளிர்பெட்டி, ஒரு பானை நாசி லெமாக். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். மகன் ஜொகூரில் வேலை செய்கிறான், மகள் படிக்கிறாள். இப்போது புருஷனும் பெண்டாட்டியும் மூன்று நாள் தனியாக ஊர் சுற்றப் போனால், ஏதோ வீட்டை விட்டு ஓடிப்போகிற மாதிரி பார்க்கிறார்கள். ஐம்பது வயதுக்கு மேல் ஜோடியாக எங்கேயாவது போவதென்றால் அது மருத்துவமனைக்குத்தான் என்று இந்த ஊரில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது.

எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தை. பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள், வாயில் இன்னும் மாறவில்லை. என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை (பாமாயில் எடுப்பார்களே, அது) ஏற்றும் லாரி ஓட்டுகிறார். மேடானைத் தேர்ந்தெடுத்தது நான்தான். முதல் காரணம், டிக்கெட் மலிவாகக் கிடைத்தது, அதை மறைக்க மாட்டேன். மற்ற காரணங்கள் அங்கே போன பிறகுதான் தெரிந்தன.

கோலாலம்பூரிலிருந்து மேடானுக்கு ஒரு மணி நேரம்தான் பறக்க வேண்டும். அங்கே கடிகாரம் நம்மை விட ஒரு மணி நேரம் பின்னால். அதனால் ஏறின நேரத்துக்கே போய் இறங்கினோம். இவருக்கு அதில் ஒரே சந்தோஷம். "பயணமே இல்லாம வந்துட்டோம் பாரு" என்றார்.

குவாலா நாமு விமான நிலையம் 2013-இல் திறந்தது. நகரத்துக்குள் போக அங்கிருந்தே ரயில் இருக்கிறது. ரயில் நகர்ந்து கொஞ்ச தூரத்தில் ஜன்னலுக்கு வெளியே செம்பனை. பிறகும் செம்பனை. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இதுக்கா லீவு போட்டோம்? வேலைக்குப் போற வழி மாதிரியே இருக்கு." நான் என்ன சொல்ல?

ஆனால் இந்த மாவட்டத்தின் பெயர் டெலி செர்டாங் என்று பலகையில் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். செம்பனை வேலையில் இருப்பவர்களுக்கு 'டெலி' என்ற சொல் தெரியும். பழைய நாற்றங்கால்களில் ஒரு செம்பனை ரகத்தை 'டெலி டூரா' என்பார்களே, அந்த டெலி இதுதான். 1848-இல் ஜாவாவில் போகோர் தாவரவியல் தோட்டத்தில் நான்கு செம்பனைக் கன்றுகளை நட்டார்கள். அவற்றின் வாரிசுகள் டெலிப் பக்கம் வந்து, புகையிலைத் தோட்டங்களில் அழகுக்காக வரிசை கட்டி நின்றன. 1911-இல் அட்ரியன் ஹாலெட் என்ற பெல்ஜியக்காரர் சுமத்ராவில் அதைப் பணப்பயிராகப் பெரிய அளவில் நட்டார். அவருடைய நண்பர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் அங்கிருந்து விதை கொண்டு வந்து குவாலா சிலாங்கூர் பக்கம் ரந்தாவ் பாஞ்சாங்கில் போட்டார். 1917-இல் எங்கள் ஊர்த் தென்னமரம் தோட்டத்தில் நட்டார். மலேசியாவில் வணிகத்துக்காகச் செம்பனை நட்ட முதல் தோட்டம் அதுதான். பெயர் தென்னமரம், நட்டது செம்பனை. அந்தக் காலத்திலேயே எங்கள் ஊரில் இப்படித்தான்.

என் மாமனார் குலை வெட்டியது அந்தத் தோட்டத்தில். இவர் பிறந்தது அங்கே லயத்தில். இத்தனையையும் ரயிலில் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். 27 வருஷத்தில் இவர் என்னிடம் தொடர்ந்து முக்கால் மணி நேரம் பேசியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். வேனில் பதினாலு பேரோடு போயிருந்தால் முன் சீட்டில் டிரைவரோடு பேசிக்கொண்டு வந்திருப்பார்.

ரயில் நிலையத்துக்கு எதிரே மெர்டேக்கா திடல். அங்கிருந்து நடந்தால் கெசாவான் தெரு. பழைய டச்சுக் காலக் கட்டடங்கள், சில பளபளப்பாக, சில சுவரில் ஆலஞ்செடி முளைத்து. ஒரு மூலையில் உயரமான வெள்ளைக் கட்டடம், லண்டன் சுமத்ரா கம்பெனியுடையது. 1906 வாக்கில் அதைக் கட்டியவர்கள் ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்ட். அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் தாத்தா ரப்பர் பால் வெட்டியது அந்தக் கம்பெனித் தோட்டத்தில். பெயரை முழுசாகச் சொல்ல வராமல் 'ஆரிசன் கம்பெனி' என்பார். கடலுக்கு இந்தப் பக்கமும் அவன்தான், அந்தப் பக்கமும் அவன்தான். நடுவில் கோடு போட்டவர்கள் வேறு.

அதே தெருவில் 1900-இல் கட்டி முடித்த சோங் ஆ ஃபியின் மாளிகை இருக்கிறது. சீனாவிலிருந்து வெறுங்கையோடு வந்து பெரிய பணக்காரர் ஆனவர். பெரிய மசூதி கட்டவும் பணம் கொடுத்திருக்கிறார். வழிகாட்டிப் பெண் ஒவ்வோர் அறையாகக் கதை சொன்னாள். இவர் கதையைக் கேட்கவில்லை, மரத் தூண்களைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் டிப் டாப் என்ற உணவகம், 1934 முதல் அங்கே நடக்கிறது. பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். ருசி சுமார்தான். ஆனால் தெருவைப் பார்த்து இரண்டு பேரும் பேசாமல் அரை மணி நேரம் உட்காரக் கிடைத்ததற்கு நான் இன்னொரு தடவையும் காசு கொடுப்பேன்.

காசு என்றதும் சொல்ல வேண்டும். நாங்கள் போனபோது நம் ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்) 3,500 ரூபியாவுக்கு மேல் கிடைத்தது. 600 வெள்ளி மாற்றியதும் கையில் இருபது லட்சத்துக்கு மேல். இவர் பணக்கட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே! அந்த மிதப்பு முதல் பில்லில் இறங்கியது. 'எண்பத்தேழாயிரம்' என்றதும் முகம் வெளுத்துவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தால் 25 வெள்ளி கூட இல்லை.

சாப்பாட்டில் ஒரு முட்டாள்தனமும் செய்தோம். நாசி பாடாங் கடையில் நாம் கேட்காமலே பதினைந்து தட்டைக் கொண்டுவந்து மேசை நிறைய அடுக்குவார்கள். எடுத்துச் சாப்பிட்டதற்கு மட்டும் காசு, தொடாததைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவார்கள். எங்களுக்கு அது தெரியாது. விருந்து வைத்ததை மிச்சம் வைத்தால் மரியாதையில்லை என்று இரண்டு பேரும் வியர்க்க வியர்க்க ஒவ்வொரு தட்டாகக் காலி செய்தோம். மாட்டிறைச்சி ரெண்டாங்கை மட்டும் நான் தொடவில்லை. கடைப் பையன் எங்களைப் பயத்தோடு பார்த்துக்கொண்டே இருந்தான். அன்று இரவு சாப்பாடு கிடையாது.

மலாய் தெரியும், சமாளித்துவிடலாம் என்று நினைத்தால் அதிலும் ஒரு வேடிக்கை. விடுதிக் காவலாளியிடம் கெரேத்தா, அதாவது நம் மலாயில் கார், கூப்பிடச் சொன்னேன். எங்களையும் பெட்டியையும் மேலும் கீழும் பார்த்தார். "இத்தனையும் கெரேத்தாவிலா?" மேடான்காரர்களுக்குக் கெரேத்தா என்றால் மோட்டார் சைக்கிள். மோட்டார் என்றால் கார்! பாசார் என்றால் பெரிய ரோடு, சந்தைக்குப் பெயர் பாஜாக். நமக்குப் பாஜாக் என்றால் அடகுக்கடை. 'பாஜாக் எங்கே இருக்கு' என்று ஒருவர் கேட்டபோது, நகையைத்தான் வைக்கப் போகிறார், பாவம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மைமூன் அரண்மனை. 1891-இல் கட்டி முடித்தது, டெலி சுல்தானுடையது, முழுக்க மஞ்சள். சுல்தான் குடும்பத்தார் இன்னும் ஒரு பக்கத்தில் குடியிருக்கிறார்கள். உள்ளே வாடகைக்கு ராஜா ராணி உடை கிடைக்கும். இவர் முதலில் மாட்டேன் என்றார். பிறகு தலைப்பாகையை வைத்துப் பார்த்தார். அப்புறம் கழற்றவே மனசில்லை. எங்கள் கல்யாணப் படத்தில் கூட இவர் இப்படிச் சிரித்ததில்லை. அந்தப் படத்தைத்தான் இங்கே போட்டிருக்கிறேன். கிண்டல் செய்கிறவர்கள் செய்துகொள்ளுங்கள்.

அந்த அரண்மனைக்குக் காசு எங்கிருந்து வந்தது? புகையிலையிலிருந்துதான். 1863-இல் நீன்ஹாய்ஸ் என்ற டச்சுக்காரர் வந்து ஆரம்பித்தது. டெலிப் புகையிலை ஐரோப்பாவில் சுருட்டுக்கு மேலுறை சுற்றப் பெயர் போனது. சீனர்களையும் ஜாவாக்காரர்களையும் வேலைக்குக் கொண்டுவந்தார்கள். நம்மவர்களையும் கொண்டுவந்தார்கள், ரோடு போட, கால்வாய் வெட்ட, மாட்டு வண்டி ஓட்ட. 1880-இல் வந்த கூலிச் சட்டப்படி ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தை விட்டுப் போனால் தண்டனை. நம் கங்காணிக் கதையெல்லாம் இதற்கு அண்ணன் தம்பி முறைதான்.

நம்மவர்கள் குடியிருந்த இடம்தான் இன்றைய கம்போங் மெட்ராஸ். முன்பு கம்போங் கெலிங். நம்மை இழிவாகக் கூப்பிடும் அந்தச் சொல் நமக்கு எப்படிச் சுடும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பெயரை மாற்றியது நல்லது. அங்கே 1880களில் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயில் இருக்கிறது. பக்கத்திலேயே பெரிய பேரங்காடி. கோபுரத்தையும் பேரங்காடியையும் ஒரே படத்தில் எடுக்கலாம்.

கோயிலில் ஓர் அம்மா பூத்தட்டு வைத்திருந்தார். என் வயதுதான் இருக்கும். பொட்டு, மூக்குத்தி, புடவை. நான் தமிழில் ஆரம்பித்தேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார். இரண்டு நிமிஷம் கழித்துத்தான் அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்று தெரிந்தது. அவரிடம் இருந்த தமிழ் தண்ணி, சோறு, அம்மா, போலாம், அவ்வளவுதான். சாமி கும்பிடும் பாட்டு ஒன்று முழுசாகத் தெரியும், பொருள் தெரியாது. நாங்கள் மலாயில் பேசினோம், அவர் இந்தோனேசியத்தில் பேசினார். தாத்தா வந்த ஊர் 'நாகபத்னம்' என்றார். அதைத் தமிழில் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். அர்ச்சனைச் சீட்டின் பின்பக்கம் 'நாகப்பட்டினம்' என்று எழுதிக் கொடுத்தேன். விரலால் எழுத்து எழுத்தாகத் தடவிப் பார்த்துவிட்டு, மடித்துப் பணப்பையில் வைத்துக்கொண்டார். "இத்தனை நீளமா?" என்று கேட்டார்.

மலேசியாவில் 500-க்கும் மேல் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. மேடானில் அரசாங்கத் தமிழ்ப்பள்ளி ஒன்றுகூட இல்லை. எங்கள் ஊர்ப் பள்ளியில் கழிப்பறை சரியில்லை, வாத்தியார் சரியில்லை என்று சண்டை போடுகிறவள்தான் நான். இனியும் போடுவேன். ஆனால் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டு அதை என்னிடம் பெருமையாகச் சொல்ல வருகிறவர்கள் இனி கொஞ்சம் யோசித்து வரட்டும்.

இரவு பகாருயுங் தெருவில் மர்தாபாக்கும் ரொட்டி சானேயும் சாப்பிட்டோம். குழம்பு நம் ஊரை விடத் தித்திப்பு. அதற்கு மேல் டுரியான் கடை. இவர் ஏழு சுளை தின்றார். இரத்த அழுத்தத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்று ஒப்பந்தம் போட்டிருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிறு காலை அன்னை வேளாங்கண்ணி கோயில். 2005-இல் திறந்த கத்தோலிக்கத் தேவாலயம், தூரத்தில் பார்த்தால் கோபுரமும் மொகலாயக் கட்டடமும் கலந்த மாதிரி. நாங்கள் இந்துக்கள்தான், ஆனால் என் பாட்டி வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டவர். மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

எல்லாம் தேன் என்று சொல்ல மாட்டேன். நடைபாதையில் பாதிக்குப் பாதி ஓட்டை, ஒரு தடவை காலை விட்டிருப்பேன். ஹார்ன் சத்தம் ராத்திரி பதினொரு மணிக்கும் அடங்காது. நாங்கள் தங்கிய விடுதி அறையில் சிகரெட் நாற்றம். மாற்றித் தரச் சொன்னதற்கு ஒரு வாசனைப் புட்டியைக் கொண்டுவந்து அடித்துவிட்டுப் போனார்கள். இரண்டும் சேர்ந்து இன்னும் மோசமாயிற்று. உயரமான கோபுரம், ஒளிக்காட்சி, பெரிய மீன்காட்சியகம் எல்லாம் வேண்டுமென்றால் சிங்கப்பூருக்கே போங்கள். எனக்கு அதில் சண்டையில்லை, நானும் போயிருக்கிறேன். அங்கே நான் பார்த்ததெல்லாம் வேறு யாரோ வாழும் வாழ்க்கை. மேடானில் மூன்று நாளும் 'இது யார் வீட்டுக் கதை' என்று கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை.

வரும்போது பீக்கா அம்போன் என்ற கேக் நான்கு பெட்டி வாங்கினோம். மஞ்சள் நிறம், உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். ஒரு பெட்டியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். வாசலிலேயே நின்று ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

"நம்ம ஆப்பம் மாதிரி இருக்கு, கொஞ்சம் தித்திப்பு அதிகம்" என்றார். இரண்டாவது துண்டையும் எடுத்தார். அப்புறம் உள்ளே திரும்பி மாமா இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ரெண்டு பேருக்கு டிக்கெட் எவ்வளவு ஆச்சு?"